கடைமடைக்குத் தண்ணீர் சேர்த்த படை

வெட்டாறு கடலில் விழுவது நம் நாகூரில்தான். காவிரிப் பாசனத்தின் கடைமடை நாம். மேலே முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என்று சரியாகப் பிரிந்தால்தான் நம் வாய்க்காலுக்கு நீர் எட்டும். அந்தப் பிரிவை ஒழுங்குபடுத்தியவர் ஒரு ராணுவப் பொறியாளர் என்பதை டெல்டாவிலேயே பலர் அறியார். இந்த மலரில் அந்த வரலாற்றுக்கு இடம் தருவது நம் கடமை.

அந்த வரலாறு ஒரு படையிலிருந்து தொடங்குகிறது. 1780 செப்டம்பர் 30 அன்று சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் இரண்டு பயனீர் கம்பெனிகள் திரட்டப்பட்டன. ஹைதர் அலியுடன் போர் நடந்த காலம் அது. படைக்கு முன்னே போய் வழி வெட்டுவதும், அகழி தோண்டுவதும், ஆறு கடக்க வகை செய்வதும் அவர்கள் வேலை. அந்தப் படைதான் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று வளர்ந்து, இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கிறது. ராணுவத்தில் இவர்களைத் தம்பிகள் என்றே அழைக்கிறார்கள்.

இவர்களுக்கு அதிகாரிகளைத் தந்த மெட்ராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்தவர்தான் ஆர்தர் காட்டன். அவர் வந்தபோது காவிரியில் மணல் மேடிட்டிருந்தது. கொள்ளிடமோ தாழ்ந்து கிடந்தது. பெருகி வந்த நீரெல்லாம் கொள்ளிடம் வழியே வீணாகக் கடலுக்குப் போக, தஞ்சை வயல்கள் காய்ந்தன. முக்கொம்பில், கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் 1836-இல் அவர் கட்டி முடித்தார். ஆழம் காணமுடியாத மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதைக் கல்லணையைக் கட்டிய நம் முன்னோரிடமே கற்றதாகக் காட்டனே பின்னாளில் எழுதினார். அந்தப் பாடத்தோடுதான் அவர் கோதாவரிக்குப் போய்த் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டில் மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது டெல்டா முழுவதும் பதறியது. பதறாமல் எப்படி இருக்கும்? நம் சோறு அங்கிருந்து வருகிறது. காட்டனின் பெயர் நிலைத்துவிட்டது. கல் சுமந்து மணல் அள்ளிய நம் மக்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அது தீராத வருத்தம்.

போர்க்களப் பெருமைகளும் குறைவல்ல. முள்வேலியைத் தகர்க்கும் பெங்களூர் டார்பிடோ, 1912-இல் இந்தப் படையின் அதிகாரி மெக்ளின்டாக் உருவாக்கியது. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கவிருந்த கண்ணிவெடிமேல் பாய்ந்து படுத்து, தன்னுடன் இருந்தவர்களைக் காத்து உயிர்விட்டார். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. 1971 போரில் பசந்தர் ஆற்றங்கரையில், டாங்கிகள் முன்னேறக் கண்ணிவெடி வயலில் பாதை திறந்தவர்களும் சாப்பர்களே.

2004 ஆழிப்பேரலையில் நம் மாவட்டம் மட்டும் 6000-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. பாலம் போனால் ஊரே துண்டாகிவிடும் என்பதை அன்று நாம் பட்டு அறிந்தோம். வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று மலை சரிந்து சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டபோதும் அதே நிலைதான். அங்கே தம்பிகள் அமைத்தது பெய்லி பாலம். அதன் இரும்புச் சட்டங்களை ஆட்களே தூக்கி வந்து ஒன்றோடொன்று பொருத்தலாம். பாலத்தைக் கரையிலிருந்தே உருளைகள்மேல் தள்ளி அக்கரை சேர்க்கலாம். மேஜர் சீதா ஷெல்கே முன்னின்று நடத்த, மழையிலும் சேற்றிலும் இரவெல்லாம் உழைத்த தம்பிகள் ஆகஸ்ட் 1 மாலைக்குள் 190 அடிப் பாலத்தை முடித்தார்கள். 24 டன் தாங்கும் அந்தப் பாலத்தின் வழியேதான் மண் அள்ளும் இயந்திரங்களும் ஆம்புலன்ஸ்களும் அக்கரையில் இருந்த முண்டக்கை போய்ச் சேர்ந்தன.