குறைந்த பட்ஜெட்டில் பழைய சிறிய கார்: ஆவணச் சோதனை முதல் பெயர் மாற்றம் வரை கவனிக்க வேண்டியவை

சிறிய கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன்பு 28 சதவீத வரியும், அதன்மீது இழப்பீட்டு மேல்வரியும் வசூலிக்கப்பட்டன. வரிக்குறைப்பைத் தொடர்ந்து மாருதி எஸ்-பிரெஸ்ஸோவின் தொடக்க ஷோரூம் விலை சுமார் 3.50 லட்சம் ரூபாயாகவும், ஆல்டோ கே10 காரின் விலை சுமார் 3.70 லட்சம் ரூபாயாகவும் அறிவிக்கப்பட்டன. புதிய காரே இந்த விலைக்கு வரும்போது, நான்கைந்து ஆண்டுகள் ஓடிய அதே காருக்குப் பழைய கணக்கில் விலை சொல்பவரிடம் பேரம் பேச வாங்குபவருக்குத் தாராளமாக இடமுண்டு.

ஆயினும் பதிவுக் கட்டணம், சாலை வரி, காப்பீடு ஆகியவை சேரும்போது புதிய காரின் விலை ஷோரூம் விலையில் நிற்பதில்லை. இரண்டு முதல் நான்கு லட்சம் ரூபாய்க்குள் கார் தேடும் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பயன்படுத்திய கார்களே நடைமுறைக்கு உகந்த வழியாக இருக்கின்றன. அந்தப் பணம் பல ஆண்டுகளின் சேமிப்பாகவோ வட்டிக்கு வாங்கிய கடனாகவோ இருக்கும். தவறான காரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதைப் பழுது பார்க்கவும் பணம் மிஞ்சாது.

கையில் உள்ள மொத்தத் தொகையையும் காரின் விலையாகவே கொடுத்துவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. எவ்வளவு நல்ல காராக இருந்தாலும், வாங்கிய சில மாதங்களுக்குள் டயர், பேட்டரி, கிளட்ச், பிரேக் பேடு, ஆயில் மாற்றம், காப்பீடு என ஏதேனும் ஒரு செலவு வந்து நிற்கும். 3.5 லட்சம் ரூபாய் வைத்திருப்பவர் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கார்களைப் பார்ப்பதே நல்லது. மீதியை முதல் ஆண்டுச் செலவுக்கென ஒதுக்கிவைக்க வேண்டும்.

எந்த மாடல், எந்த ஆண்டு?

சிறிய கார்களில் மாருதியின் ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட், ஹூண்டாயின் ஐ10, கிராண்ட் ஐ10 ஆகியவற்றின் பெட்ரோல் மாடல்களுக்கு நாடு முழுவதும் தேவை குறைவதில்லை. சிறிய ஊரிலும் இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். உதிரிபாகம் அன்றைக்கே கிடைக்கும். அதனாலேயே இவற்றின் விலையும் சற்றுக் கூடுதலாக இருக்கும். டாடா டியாகோ, ரெனோ க்விட் போன்றவை அதே விலைக்குச் சில ஆண்டுகள் புதியதாகக் கிடைக்கக்கூடும்.

ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. செவ்ரோலெ கார்களின் விற்பனை 2017-உடனும், டட்சன் 2022-இலும் முடிவுக்கு வந்தன. இந்த கார்கள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அவற்றின் தரம் மட்டுமல்ல. உதிரிபாகம் குறித்த அச்சமும்தான். ஃபோர்டு ஃபிகோ போன்றவை ஓட்டுவதற்கு உறுதியான கார்கள். எனினும், வாங்குவதற்கு முன் உள்ளூர் மெக்கானிக்கிடம் சென்று, குறிப்பிட்ட மாடலுக்கான கிளட்ச், சஸ்பென்ஷன் பாகங்கள் கிடைக்குமா, எத்தனை நாளாகும் என்று கேட்டுவிட வேண்டும்.

மாடலின் பெயருக்கு இணையாக, கார் தயாரிக்கப்பட்ட ஆண்டும் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் பாதுகாப்பு விதிகள் படிப்படியாகவே வந்தன. ஏ.பி.எஸ். பிரேக் வசதி 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநர் இருக்கைக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாயின. முன்பக்கப் பயணிக்கான ஏர்பேக் 2021 இறுதிக்குள் எல்லா மாடல்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்தைய அடிப்படை மாடல்கள் பலவற்றில் ஏர்பேக் கிடையாது. குளோபல் என்.சி.ஏ.பி. அமைப்பு 2014-இல் நடத்திய மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, ஐ10, ஸ்விஃப்ட் ஆகியவை ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. 2020-இல் சோதிக்கப்பட்ட டியாகோ நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. ஒரே மாடலில் அடிப்படை வகைக்கும் உயர் வகைக்கும் பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்தான் வேறுபாடு என்றால், ஏர்பேக் உள்ளதை எடுப்பதே அறிவு. இசைக் கருவியை எப்போது வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம். ஏர்பேக்கைப் பின்னர் பொருத்த முடியாது.

எரிபொருளைப் பொறுத்தவரை, அன்றாடம் நகருக்குள் குறைந்த தொலைவு ஓட்டுபவருக்குப் பெட்ரோலே போதும். பழைய டீசல் கார்கள் மலிவாகத் தோன்றினாலும், இன்ஜெக்டர், டர்போ ஆகியவற்றில் பழுது வந்தால் அந்த மிச்சம் முழுவதும் கரைந்துவிடும். சி.என்.ஜி. கார் என்றால், கிட் நிறுவனமே பொருத்தியதா, வெளியில் பொருத்தியதா என்பதை அறிய வேண்டும். வெளியில் பொருத்தியிருந்தால் அது பதிவுச் சான்றிதழில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சிலிண்டர் அழுத்தச் சோதனையின் சான்றையும் கேட்க வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார்கள் பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. அவற்றில் மைலேஜ் ஓரளவு குறையும் என்பதோடு, எரிபொருள் குழாய்களின் ரப்பர் பாகங்களையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது.

காரைப் பார்க்கும் முன் ஆவணம்

காரை நேரில் பார்க்கச் செல்லும் முன்பே, பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ சோதிக்கலாம். இதற்குச் சில நிமிடங்களே ஆகும். பதிவு செய்யப்பட்ட தேதி, எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எப்போது முடிகிறது, வங்கிக் கடன் நிலுவை உள்ளதா, வாகனம் தடைப்பட்டியலில் உள்ளதா என்பவை அதில் தெரியும். இ-சலான் தளத்தில் போக்குவரத்து அபராத நிலுவையைப் பார்க்கலாம். பதிவு எண்ணைத் தரத் தயங்குபவரின் காரைப் பார்க்கப் போவதே வீண் அலைச்சல்.

கடனில் வாங்கப்பட்ட கார் என்றால், பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் இருக்கும். கடன் முடிந்துவிட்டது என்ற வாய்மொழி உறுதி போதாது. வங்கியின் தடையின்மைச் சான்றும், அடமானக் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35-உம் கையில் இருக்க வேண்டும். முன்பு மஞ்சள் பலகையில் வாடகைக் காராக ஓடி, பின்னர் சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டதா என்பதையும் விசாரிக்க வேண்டும். அத்தகைய கார்கள் வயதுக்கு மீறிய தொலைவு ஓடியிருக்கும்.

வெளிமாநிலக் கார்களில் தனிக் கவனம் தேவை. தில்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களும் ஓடக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் உத்தரவிட்ட நீதிமன்றம், அந்தப் பாதுகாப்பை டிசம்பரில் பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய வாகனங்களுக்கு என வரையறுத்தது. இந்தத் தடையால் தில்லியில் விலை இறங்கிய கார்கள் பிற மாநிலங்களுக்கு விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்குபவர் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெற்று, தம் மாநிலத்தில் மறுபதிவு செய்து, அங்குள்ள சாலை வரியையும் கட்ட வேண்டும். வரித் தொகையை விசாரிக்காமல் வாங்கினால், விலையில் மிச்சம் பிடித்தது அந்த வரியிலேயே போய்விடலாம்.

மிகப் பழைய கார் வாங்குவோர் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். தனிநபர் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு அது 2025-இல் 10,000 ரூபாயாக்கப்பட்டது. 13 ஆண்டு ஓடிய காரை வாங்குபவர் இரண்டே ஆண்டுகளில் தகுதிச் சோதனைக்கு நிற்க வேண்டியிருக்கும்.

நேரில் பார்க்கும்போது

காரைப் பகல் வெளிச்சத்தில், என்ஜின் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். சென்றவுடன் பானெட்டைத் தொட்டுப் பார்த்தால், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். காலையில் முதல்முறை ஸ்டார்ட் ஆகும்போது எழும் ஒலியும் புகையும் என்ஜினின் உண்மை நிலையைக் காட்டும். நீலப் புகை ஆயில் எரிவதையும், சூடான பின்னும் நிற்காத வெண்புகை கூலன்ட் உள்ளே கசிவதையும் குறிக்கக்கூடும். ஆயில் மூடியைத் திறந்தால் மோர் போன்ற வெளிர்நிறப் படலம் இருக்குமானால், அந்தக் காரை விட்டுவிடலாம். ஆல்டோ, வேகன்ஆர் 1.0, க்விட் போன்ற மூன்று சிலிண்டர் என்ஜின்களில் நின்ற நிலையில் சிறிது அதிர்வு இயல்பானதே. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் அனைத்தும் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு அணையாவிட்டால் அந்த அமைப்பில் கோளாறு உள்ளது. அது எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க யாரோ கைவைத்திருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும்.

விபத்தில் சிக்கிய காரை வண்ணப் பூச்சின் பளபளப்பு மறைத்துவிடும், போல்ட்டுகள் மறைப்பதில்லை. பானெட், கதவு, முன்பக்க ஃபெண்டர் ஆகியவற்றின் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால், அந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. பம்பரில் கீறல், கதவில் ஒடுக்கு போன்றவை நகரக் கார்களில் சாதாரணம். சேஸிஸும் தூண்களும் வெட்டி ஒட்டப்பட்டவையா என்பதே கேள்வி. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அதன் அடிக்குழியைப் பார்த்தால், பின்பக்க மோதலின் சுவடும் துருவும் தெரியும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களே மிகவும் ஆபத்தானவை. 2015-இலும் 2023-இலும் சென்னையிலும், 2018-இல் கேரளத்திலும், 2020-இல் ஹைதராபாத்திலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. கழுவித் துடைத்தால் அவை புதிது போலத் தோன்றும். ஆனால் வயர் இணைப்புகளுக்குள் புகுந்த ஈரம் மாதக்கணக்கில் கழித்துத் தன் வேலையைக் காட்டும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். யாரும் கழுவ நினைக்காத அதன் கடைசிப் பகுதியில் சேற்றுக்கறை தங்கியிருக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்குக் கீழ் வண்டல், முகப்பு விளக்குக்குள் நீர்க்கோடு, அளவுக்கு மீறிய வாசனைத் திரவிய மணம் ஆகியவையும் அடையாளங்கள்.

ஓடோமீட்டரில் தெரியும் எண்ணை அப்படியே நம்ப இயலாது. 30,000 கிலோமீட்டரே ஓடியதாகக் காட்டும் காரில் கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து, ஸ்டியரிங் வழவழப்பாகி, ஓட்டுநர் இருக்கை அமுங்கிப்போயிருந்தால் கணக்கு இடிக்கிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் காட்டிய பழைய ரசீதுகளில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். உரிமையாளர் வழியாக அவற்றைக் கேட்டுப் பெறுவதே நம்பகமான வழி. மிகக் குறைவாக ஓடிய காரும் எப்போதும் சிறந்தது அல்ல. ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் டயர், பேட்டரி, ரப்பர் குழாய்கள் கெட்டிருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது நான்காவது கியரில் மெதுவாகச் சென்று ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டும். என்ஜினின் இரைச்சல் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கை முழுவதுமாகத் திருப்பி வட்டமடித்தால் டக்டக் என்று ஒலி வருவது டிரைவ் ஷாஃப்ட் இணைப்பின் தேய்மானம். ஏ.எம்.டி. கியர் உள்ள காரை ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவும் பார்த்தபின், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காரை லிஃப்டில் ஏற்றிக் காட்டுவது அவசியம். அதற்கு ஆகும் சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் ரூபாய், இந்த வாங்கலில் மிகப் பயனுள்ள செலவு.

பணம் கொடுத்த பிறகு

பெயர் மாற்றத்தை நாள் கடத்துவது பலருக்கு வழக்கம். மோட்டார் வாகனச் சட்டப்படி, விற்பவர் அதே மாநிலத்துக்குள் 14 நாட்களிலும், வெளிமாநிலத்துக்கு விற்றால் 45 நாட்களிலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாட்களில் தெரிவிக்க வேண்டும். இதற்கென உள்ளவை படிவம் 29, படிவம் 30. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், கார் பலமுறை கைமாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்றும் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே பெயர் மாற்றத்தில் விற்பவருக்கும் சம அக்கறை இருக்க வேண்டும்.

காப்பீட்டை வாங்குபவர் தன் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கார் கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு தொடரும். ஆனால் காரின் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு, பாலிசி வாங்குபவர் பெயருக்கு மாறும்வரை அவருக்குக் கைகொடுக்காது. பழைய பெயரிலேயே பாலிசி இருக்கும் நிலையில் விபத்து நேர்ந்தால், பழுதுச் செலவு முழுவதும் கையிலிருந்தே போகும். விற்பவர் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸ் சலுகையும் காருடன் வராது. அது அவருக்கே உரியது. ஆகவே காப்பீட்டுத் தொகை சற்றுக் கூடும்.

பழைய கார் வணிகர்கள் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. கார் அவரிடம் இருக்கும் காலத்தில் அதற்கான பொறுப்பும் அவருடையது. அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் விலை சற்றுக் கூடினாலும், சான்றும் ரசீதும் கிடைக்கும். குறையை மறைத்து விற்றிருந்தால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தனிநபரிடம் வாங்கும்போது வங்கிக் கணக்கு வழியாகவே பணம் செலுத்த வேண்டும். ஒரு பகுதியைப் பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவாகும்வரை நிறுத்திவைப்பதாக முன்கூட்டியே எழுதிக்கொள்வதும் உண்டு.

சாவியை வாங்கும் நாளிலேயே, முகப்புக் கண்ணாடியில் உள்ள பழைய ஃபாஸ்டேக் கணக்கை விற்பவர் முடித்துவிட்டாரா என்று கேட்க வேண்டும். ஒரு வாகனத்துக்கு ஒரு ஃபாஸ்டேக் என்ற நடைமுறையால், பழையது முடிக்கப்படாதவரை புதிய உரிமையாளரின் பெயரில் மற்றொன்று பெறுவதில் சிக்கல் ஏற்படும். இரண்டாவது சாவி, சர்வீஸ் புத்தகம், காப்பீட்டு நகல், மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று ஆகியவற்றையும் அன்றே பெற்றுக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் பதிவிட்டு, பழுது நீக்குவதற்காகத் திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் அதுவும் ஒன்றா என்று பார்க்கலாம். அந்தப் பணி நிலுவையில் இருந்தால், காரின் உரிமையாளர் மாறியிருந்தாலும் நிறுவனம் அதை இலவசமாகவே செய்து தரும்.