ஆலை வாசலைத் தாண்டிய பிறகு

எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து திருச்சியில் ஒரு மொத்த மருந்துக் கடையில் கணக்கு எழுதியவன் நான். அப்போதெல்லாம் மாத்திரை அட்டையில் விலைக்குப் பக்கத்தில் ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று அச்சிட்டிருக்கும். கடைக்காரர் அதன் மேல் விற்பனை வரியைச் சேர்த்து வாங்குவார். எல்லா வரிகளையும் உள்ளடக்கிய விலையையே அச்சிட வேண்டும் என்ற விதி 2006-இல்தான் வந்தது. ஆனால் வழியில் ஏறும் மற்றச் செலவுகள் என்றைக்குமே அந்த விலைக்குள் யார் கண்ணிலும் படாமல் இருந்துவந்தன.

மருந்து விலையில் அரசு கைவைத்தது சீனப் போருக்குப் பின். 1963-இல் விலைகள் அந்த ஆண்டு ஏப்ரல் 1-இல் இருந்த நிலையிலேயே நிறுத்தப்பட்டன. அதற்குச் சற்று முன்னால்தான் அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழு, சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் விலை உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று பதிவுசெய்திருந்தது. 1970-இல் முறையான விலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1979-இல் 347 மூலமருந்துகள் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. 1987-இல் அது 142 ஆனது, 1995-இல் 74 ஆகச் சுருங்கியது.

பட்டியல் சுருங்கியதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆணைகளில் இருந்த கணக்கு. மூலப்பொருள், அதை மாத்திரையாக்கும் கூலி, அட்டை, அட்டையில் அடைக்கும் கூலி ஆகிய நான்கையும் கூட்ட வேண்டும். அதன் மேல் ‘உற்பத்திக்குப் பிந்தைய செலவு’ என்று ஒரு சதவீதம் சேரும். 1995 ஆணையில் இதன் உச்சவரம்பு 100. அதாவது ஆலைக்குள் 1 ரூபாய் ஆனால், ஆலை வாசலைத் தாண்டிய பிறகு இன்னொரு ரூபாய் வரை சேர்க்கலாம். மருந்துப் பிரதிநிதியின் சம்பளம், லாரி வாடகை, ஸ்டாக்கிஸ்ட் மார்ஜின், கடை மார்ஜின், நிறுவனத்தின் லாபம் எல்லாம் அந்த ரூபாய்க்குள் அடங்க வேண்டும். கலால் வரி தனி.

அந்த இரண்டாவது ரூபாயில் எங்கள் பங்கு என்ன? கட்டுப்பாட்டில் இருந்த மருந்துக்குக் கடைக்காரர் மார்ஜின் 16 சதவீதம், எங்களுக்கு 8. மற்றவற்றுக்கு 20, 10. ஆகவே 100 ரூபாய் மருந்து, வரியை விட்டுவிட்டால், கடைக்கு 80 ரூபாய்க்கும் எங்களுக்கு 72 ரூபாய்க்கும் வரும். எங்கள் 8 ரூபாயில்தான் கடன் வட்டி, கோடவுன் வாடகை, உடைந்த சிரப் பாட்டில், எக்ஸ்பைரி ரிட்டர்ன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். கரண்ட் போன இரவுகளில் ஐஸ் வாங்கி வந்து அடுக்கிக் காத்திருக்கிறோம். துறையூர் கடைக்குப் பஸ்ஸில் போகும் பெட்டிக்கும் அதே ஏற்பாடுதான். இந்தச் செலவு நியாயமானது. இது இல்லாமல் மருந்து நோயாளி கைக்குப் போய்ச் சேராது.

வழியே நீண்டதற்கு வரியும் ஒரு காரணம். 1956-இல் வந்த மத்திய விற்பனை வரிச் சட்டத்தின்படி, மும்பை நிறுவனம் திருச்சி வியாபாரிக்கு நேராக விற்றால் வரி உண்டு. தன் சரக்கைத் தன் சென்னை டிப்போவுக்கே மாற்றிக்கொண்டால் அந்த வரி இல்லை. அதனால் மாநிலத்துக்கு ஒரு டிப்போ முளைத்தது. பிறகு டிப்போ வேலையைச் செய்ய சி அண்ட் எஃப் ஏஜெண்டுகள் வந்தார்கள், அவர்களுக்கும் ஒரு பங்கு போனது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் இந்தக் காரணம் மறைந்துவிட்டது.

விலை உண்மையில் வீங்கியது வேறு இடத்தில். கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த மருந்துகளில் ‘பத்துக்கு இரண்டு இலவசம்’ என்று ஸ்கீம் தொடங்கியது. பிறகு டாக்டரிடம் போகாமல் நேராகக் கடைக்கே தள்ளும் சரக்கு வந்தது. அட்டையில் 50 ரூபாய் என்று அச்சிட்டிருக்கும், கடைக்கு 8 ரூபாய்க்குக் கொடுத்து நானே பில் போட்டிருக்கிறேன். மற்ற வியாபாரத்தில் போட்டி வந்தால் விலை இறங்கும். இங்கே மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் நோயாளி அல்ல, டாக்டரோ கடைக்காரரோதான். அதனால் யார் அதிக மார்ஜின் தருகிறார் என்பதில் போட்டி நடந்தது. மார்ஜின் ஏற ஏற அச்சு விலையும் ஏறியது.

2013 ஆணை இதைச் சரிசெய்யவில்லை என்பது என் உறுதியான கருத்து. செலவுக் கணக்கை அது கைவிட்டது. சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலையின் சராசரியோடு 16 சதவீதம் சேர்த்தால், அதுவே உச்ச விலை. ஏற்கெனவே விலைக்குள் ஏறியிருந்த விளம்பரச் செலவும் அந்தச் சராசரிக்குள் அப்படியே அங்கீகாரம் பெற்றுவிட்டது.

வழியைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு அதற்கு வெகுமுன்பே காட்டியிருந்தது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டரில், தயாரிப்பாளரிடமிருந்தே வாங்கினார்கள். மாவட்டக் கிடங்கில் இறங்கிய சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக் உண்டு, அதில் வரவுவைத்த தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். கிடங்கு, லாரி, சோதனை எல்லாம் இங்கேயும் உண்டு, அவற்றுக்குச் செலவும் உண்டு. அப்படியிருந்தும் டெண்டர் விலையையும் அதே மருந்தின் அச்சு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

2019-இல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு மட்டும் வியாபார மார்ஜின் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆணையிட்டார்கள். சில பிராண்டுகளின் விலை 90 சதவீதம் வரை இறங்கியது. ஆலையில் எதுவும் மாறவில்லை, குறைந்தது முழுக்க வழியில் ஏறியிருந்ததுதான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்களுக்கும் இதே வரம்பு வேண்டும். கூடவே, அட்டையில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஆலையிலிருந்து புறப்பட்ட விலையையும் அச்சிட வேண்டும். அந்த எண் ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கிலும் இன்றைக்கும் இருக்கிறது.