தொலைக்காட்சியை நம்பிப் பிறந்த கணினிகள்

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினியை, 16 கிலோபைட் நினைவகத்துடன் 125 பவுண்டுக்கு விற்க முடிந்ததற்கான காரணங்களுள் ஒன்று, அதனுடன் திரை எதுவும் தரப்படவில்லை என்பதாகும். தனி மானிட்டர் வாங்குவது சாதாரணக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாத அக்காலத்தில், பிரிட்டிஷ் வீடுகளில் ஏற்கெனவே இருந்த தொலைக்காட்சிப் பெட்டியே கணினியின் திரையாகக் கொள்ளப்பட்டது. இக்கணினியை இன்றைய மானிட்டருடன் இணைப்பதில் எழும் தொல்லைகள் பெரும்பாலும் அந்தப் பெட்டி வழக்கொழிந்ததால் விளைந்தவையே.

ஸ்பெக்ட்ரத்தின் மின்சுற்றுப் பலகையில், பின்விளிம்பை ஒட்டி, மாடுலேட்டர் எனப்படும் சிறு உலோகப் பெட்டி ஒன்று இருக்கிறது. படச் சமிக்ஞையை வானொலி அலையின்மீது ஏற்றுவது அதன் வேலையாதலால், தொலைக்காட்சி அக்கணினியை ஓர் ஒளிபரப்பு நிலையமாகவே கருதி, யுஎச்எஃப் 36ஆம் சேனலில் பிடித்துக் காட்டியது. ஒரு கம்பியின் தூரத்தைக் கடப்பதற்காக அலையில் ஏற்றி, மறுமுனையில் மீண்டும் இறக்கிய இந்தச் சுற்றுவழியில் எழுத்துகளின் ஓரங்கள் மங்கின என்றாலும், எந்த வீட்டிலும் இணைக்கலாம் என்னும் வசதிக்கு அது பெரிய விலையன்று. பிரிட்டனில் அனலாக் ஒளிபரப்பு 2012 அக்டோபரில் முற்றிலும் நின்றுவிட்டது. கணினி மானிட்டர்களிலோ சேனல் பிடிக்கும் பகுதி பொதுவாக இருப்பதே இல்லை. ஆகவே மாடுலேட்டரின் மூடியைத் திறந்து, வெளியிணைப்பின் நடுமுனையை உட்சுற்றிலிருந்து பிரித்து, அலையில் ஏறுவதற்கு முந்தைய சமிக்ஞையை நேரடியாக அதனுடன் பற்றவைக்கும் முறை பரவியது. ஒளிர்வு, நிறம், ஒத்திசைவு ஆகிய மூன்றும் ஒரே கம்பியில் செல்லும் இச்சமிக்ஞை காம்போசிட் எனப்படும்.

அதன் பிறகும் காலக்கணக்கு இடிக்கிறது. பழைய தொலைக்காட்சி நொடிக்கு 15,625 கிடைக்கோடுகளை வரைந்தது. 1987இல் வந்த விஜிஏ என்னும் கணினித் திரை முறையோ ஏறத்தாழ 31,500 கோடுகளை எதிர்பார்த்தது. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாற்றி மாற்றி அனுப்பி 625 கோடுகளை நிறைவு செய்ய, ஸ்பெக்ட்ரம் ஒவ்வொரு முறையும் அதே 312 கோடுகளையே அனுப்புகிறது. சமிக்ஞையை மானிட்டருக்கேற்ப மாற்றித் தரும் மலிவான மாற்றிகள் பல இந்த வேறுபாட்டை உணராமல் அடுத்தடுத்த இரு படங்களை ஒன்றாகப் பின்னிவிடுவதால், விளையாட்டுகளில் ஓடும் உருவங்களின் விளிம்பு சீப்புப் பற்களைப்போல் சிதைகிறது. ஒவ்வொரு கோட்டையும் இரட்டித்து உடனுக்குடன் அனுப்பும் ஓஎஸ்எஸ்சி போன்ற கருவிகளே இவ்விடத்தில் பொருத்தமானவை. ஆனால் அவற்றுள் பல காம்போசிட்டை ஏற்பதில்லை.

ஏக்கார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோ இவ்வகையில் பாக்கியம் பெற்றது. 1981இல் வெளிவந்து, பின்னர் இந்தியப் பள்ளிகளுக்கும் 'கிளாஸ்' என்னும் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியே வந்த அக்கணினியில், தொலைக்காட்சி இணைப்போடு சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கம்பிகள் கொண்ட இணைப்பும் இருந்தது. ஒவ்வொரு கம்பியும் எரிதல், அணைதல் என்னும் இரு நிலைகளை மட்டுமே அறியும் என்பதால் எட்டு நிறங்கள் கிடைத்தன. ராஸ்பெர்ரி பை ஜீரோவைக் கொண்டு உருவாக்கப்பட்ட ஆர்ஜிபிடுஎச்டிஎம்ஐ என்னும் கருவி அந்நிலைகளைப் புள்ளி புள்ளியாகப் படித்து, அன்றைய தொலைக்காட்சி காட்டியதைவிடத் துல்லியமான படத்தைத் தருகிறது. ஸ்பெக்ட்ரத்தில் மாடுலேட்டரைத் திறப்பது நியாயமான தலையீடு. பிபிசி மைக்ரோவில் அதைத் திறப்பதற்குத் தேவையே இல்லை.