உழவாரப் படையும் திருமுற்றத்துப் புல்லும்

குடமுழுக்கு நன்னாளில் விமானத்துக் கலசங்களை அண்ணாந்து நோக்கி வணங்கும் அன்பர் பலர். தம் அடிக்கீழுள்ள திருமுற்றத்தைக் குனிந்து நோக்குவார் சிலரே. அம்முற்றத்தில் முளைக்கும் புல்லையும் பூண்டையும் செதுக்குதலையே தம் வாழ்நாள் தொண்டாக மேற்கொண்ட பெருந்தகையார் ஒருவரைச் சைவ உலகம் சமயகுரவர் நால்வருள் ஒருவராக வைத்துப் போற்றுகின்றது. அவரே திருநாவுக்கரசு சுவாமிகள்.

திருவாமூரில் தோன்றி மருள்நீக்கியார் என்னும் பிள்ளைத் திருநாமம் பெற்ற அப்பெருமான், கி.பி. 7 ஆம் நூற்றாண்டினர். சமண நூல்களைத் துறைபோகக் கற்றுத் தருமசேனர் என்னும் பட்டத்துடன் தலைமை பெற்றிருந்தவர், சூலை நோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு வந்தார். அத்தமக்கையாரோ, பொழுது புலருமுன் எழுந்து வீரட்டானத் திருக்கோயிலை அலகிட்டு, ஆன்சாணத்தால் மெழுகி, மலர் பறித்து மாலை தொடுக்கும் பணியில் நின்றவர். அவர் அளித்த திருநீற்றை அணிந்து, திருவருளால் நோய் நீங்கப் பெற்ற தம்பியார், நாவினாற் பாடுதலோடு அமையாது கையில் உழவாரமும் ஏந்தினார் என்பது, 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தால் அறியப்படும். கற்றார் அவையில் தலைமை பெற்றிருந்தவர் புல் செதுக்கும் கருவியைத் தோளில் தாங்கினார் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை உருக்குவதாம்.

உழவாரமாவது, நீண்ட காம்பின் முனையில் தட்டையான இரும்பு அலகு பொருத்திய கருவி. அதனை மண்ணோடு ஒட்டிச் செலுத்தினால் புல்லின் வேர் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே அறுபடும். மண் ஆழக் கிளறப்படாது. தளக் கல்லும் பெயராது. வெறுங்காலோடு வலம் வருவாரும் உடல் நிலத்தில் தோய உருண்டு வலம் வருவாரும் நிறைந்த இடம் திருச்சுற்று. அங்கே நெருஞ்சி ஒன்று காய்த்து முள் உதிர்ப்பின் அடியார்க்கு எத்துணைத் துன்பம்! ஆதலின் உழவாரப் பணி, ஆண்டவனுக்கும் அடியார்க்கும் ஒருங்கே செய்யும் தொண்டாயிற்று.

களைகளின் இயல்பறிந்து செய்வதே பணி. நெருஞ்சி விதையால் பெருகுவது. காய் முற்றுமுன் வேரோடு பறித்தல் போதும். கோரையோ மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகத் தொடர்ந்து ஓடுவது; மேலே அறுப்பின் மீண்டும் தழைக்கும். ஈரமண்ணில் கிழங்கோடு அகழ்ந்தெடுத்து வெயிலில் உலர்த்துதல் வேண்டும். எஞ்சியவை துளிர்க்குந்தோறும் அகற்றிவரின், கிழங்கின் சேமிப்புத் தீர்ந்து மடியும். அறுகு கணுத்தோறும் வேரூன்றுவது. விநாயகப் பெருமானுக்குச் சாத்தும் பத்திரமாகிய அதுவே தளக் கல்லின் இடுக்கிற் புகுந்தால் களையாகின்றது. களை என்பது செடியின் குலத்தால் அன்று, நிற்கும் இடத்தால் அமைவது என்பது இதனாற் பெறப்படும். நாவுக்கரசர் அறியாத களையும் இன்று உண்டு. 1950களில் புனேப் பகுதியில் கண்டறியப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியம், தோலுக்கும் மூச்சுக்கும் ஊறு செய்வது; ஒரு செடியே பல்லாயிரம் விதை உதிர்ப்பது. கையுறை அணிந்து, பூக்குமுன் பறித்தலே அதற்கு வழி. எளிதென்று கருதி உப்புநீர் தெளிப்பார் உளர். அவ்வுப்பு கல்லிலும் சுதையிலும் ஊறி, உலருங்கால் படிகமாகி அவற்றை உதிரச் செய்யுமாதலின் திருக்கோயிற்கு அது தகாது. இல்லத்து முற்றத்திற்கும் இம்முறைகளே ஏற்றவை.

முற்றத்துப் புல் அடியார் காலை வருத்தும். கோபுரத்துச் செடியோ கோயிலையே வருத்தும். பறவைகளின் எச்சத்தோடு விழும் அரசு, ஆல் ஆகியவற்றின் விதை செங்கல் இடுக்கில் முளைக்கும்பொழுது விரலால் பிடுங்கத்தக்கது. சில ஆண்டு கழியின் அதன் வேர் சுதையைப் பிளந்து உட்செல்லும்; அப்பொழுது வெட்டினால் தழைக்கும், இழுத்தால் சுவர் பெயரும். பணி அறவே நின்றால் நேர்வது யாது என்பதற்குக் காம்போச நாட்டு அங்கோரில், ஏழாம் செயவர்மன் 1186 இல் அமைத்த தா புரோம் ஆலயம் சான்றாகும். தலைநகர் கைவிடப்பட்ட பின், அதன் கூரைகளைப் பெருமரங்கள் தம் வேரால் பற்றி நெரித்து நிற்றலை இன்றுங் காணலாம். வேந்தன் எழுப்பிய கற்றளி, நாள்தோறும் பேணும் கையின்றி விதை ஒன்றுக்குத் தோற்றது.

பொருள் ஈந்த அன்பர்கள் உளங்கொள்ளத்தக்க நிகழ்ச்சி ஒன்று திருப்புகலூரில் நடந்தது. முதுமையிலும் உழவாரம் ஏந்திப் புகலூர்த் திருமுற்றத்தில் பணிசெய்த நாவுக்கரசரின் நிலையை உலகறியச் செய்யத் திருவுளங் கொண்ட இறைவன், அவர் செதுக்குமிடத்தில் பொன்னும் நவமணியும் பரல்களோடு கலந்து கிடக்கச் செய்தருளினான். அவரோ அவற்றையும் பருக்கைக் கற்களையும் ஒன்றாகவே உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்து, விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தார். பொன் இழிந்தது என்பது இதன் கருத்தன்று. பணி பொன்னினும் உயர்ந்தது என்பதே கருத்து. சித்திரைச் சதயத்தில் அவர் இறைவன் திருவடி அடைந்ததும் அப்புகலூரிலேயே.

குடமுழுக்கைப் பன்னீராண்டிற்கு ஒருமுறை செய்தல் மரபு. பொன்னீந்தார் பெயர் கல்வெட்டில் நிற்கும். அக்கல்வெட்டின் இடுக்கிலும் அடுத்த மழையில் அறுகு முளைக்கும். அதனைக் களைவார் யார் என்பதே கோயிலின் ஆயுளை உறுதி செய்யும் வினா. விடுமுறை நாள்களில் உழவாரத் திருக்கூட்டத்தார் ஊர்தோறும் சென்று இத்தொண்டு புரிவது தமிழகம் செய்த தவப்பயன். எனினும் அயலூரார் வரவை நோக்கியிராமல், உள்ளூர் அன்பர் ஒவ்வொருவரும் திங்களுக்கு ஒருநாள் திருமுற்றத்தில் குனிந்து ஒரு பிடி புல்லைக் களைவாராயின், விதை மரமாகாது. மரம் கோபுரத்தைப் பிளவாது. அடுத்த குடமுழுக்குப் பழுது பார்க்கும் விழாவாக அமையாது, பொலிவு கூட்டும் விழாவாகவே அமையும்.

திருச்சிற்றம்பலம்.