கடற்கரை மணலும் லேசர் கண்ணாடியும்

கசார்வாடியில் வாழும் நாம், மாலை வேளையில் குமரிக் கரையிலுள்ள உறவினரோடு தொலைபேசியில் அளவளாவுகிறோம். தாபோடிக்கும் பிம்பிரிக்கும் இடையே மின்ரயில்கள் எழுப்பும் இரைச்சலிலும், அன்னையின் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. அக்குரலைத் தாங்கிவரும் ஒளிக்கும் நம் கடற்கரை மணலுக்கும் உள்ள உறவை ஈண்டுக் காண்போம்.

1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன அறிஞர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டார். விரைவில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. அந்நாளில் எல்லோரும் நாடியது மோனசைட்டிலுள்ள தோரியத்தையே. எரிவாயு விளக்கின் மாண்டில் செய்ய அது வேண்டியிருந்தது. மணல் கப்பலேறி அயல்நாடு சென்றது. தோரியத்தினும் மிகுதியாக அதில் அடங்கியிருந்த அருமண் மூலகங்களைப் பெரிதாக மதித்தவர் சிலரே.

அம்மாண்டிலை உருவாக்கிய ஆஸ்திரிய அறிஞர் கார்ல் ஆவரே, அருமண் குடும்பத்தின் மறைபொருள் ஒன்றையும் வெளிப்படுத்தியவர். ஒரே மூலகம் என நம்பப்பட்ட டிடிமியத்தை, 1885இல் அவர் நியோடிமியம், பிரசியோடிமியம் என இரண்டாகப் பிரித்தார். இவை கலந்த கண்ணாடி சோடியச் சுடரின் மஞ்சள் ஒளியை விழுங்கிவிடும். ஆதலால் கண்ணாடி ஊதும் தொழிலாளரின் கண்களுக்கு அது காப்பாயிற்று.

விழுங்கப்பட்ட ஒளி என்னாகிறது? 1960இல் மெய்மன் மாணிக்கக் கல்லைக்கொண்டு முதல் லேசரை இயக்கினார். மறு ஆண்டே எலியாஸ் ஸ்னிட்சர் என்னும் அமெரிக்கர், நியோடிமியம் கலந்த கண்ணாடித் தண்டிலிருந்து லேசர் ஒளியைப் பெற்றார். மின்னல் விளக்கின் ஒளியை ஏற்று நியோடிமிய அணுக்கள் கிளர்ச்சியடைகின்றன. பின்னர் அவை ஒன்றையொன்று பின்பற்றி, சுமார் 1.06 மைக்ரான் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலனாகாத ஒளியை ஒருமித்து வெளியிடுகின்றன.

படிகத்தைவிடக் கண்ணாடியைப் பெரிய பாளமாக வார்த்தல் எளிது. ஆயினும் அது வெப்பத்தை விரைந்து கடத்தாது. ஆகவே ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் ஆறவிடல் வேண்டும். நியோடிமியம் அளவுக்கு மிஞ்சினால், அணுக்கள் தம்முள்ளேயே சக்தியைப் பரிமாறி வீணாக்கும். இரும்போ நீரோ சிறிது கலந்தாலும் ஒளி களவுபோகும். தூய்மையே இங்குப் பெருஞ்செல்வம்.

விடுதலைக்குப் பின் நம் நாடும் இத்துறையில் இறங்கிற்று. 1950இல் இந்திய அருமண் நிறுவனமும், கல்கத்தாவில் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சிக் கழகமும் தோன்றின. மோனசைட்டை இங்கேயே பக்குவப்படுத்தும் ஆலுவா ஆலையை 1952 டிசம்பரில் நேரு திறந்துவைத்தார். கல்கத்தாக் கழகத்தில் பிற்காலத்தில் லேசர் கண்ணாடியும், எர்பியம் கலந்த கண்ணாடி இழையும் ஆராயப்பட்டன.

அவ்வெர்பியமே நம் குரலுக்குத் துணை. நெடுந்தொலைவு செல்லும் ஒளி இழையில் மெலிந்துவிடும். 1987இல் இங்கிலாந்தின் சௌத்தாம்டனில் டேவிட் பெய்ன் குழுவினர், எர்பியம் கலந்த இழையால் அவ்வொளியை ஒளியாகவே பெருக்கிக் காட்டினர். அதே எர்பியம் மோனசைட்டிலும் சிறிதளவு உண்டு.

ஊரில் நாம் காலால் அளைந்து விளையாடிய கருமணலின் அருமையை, ஊரைவிட்டு நெடுந்தூரம் வந்தபின்னரே அறிகிறோம். மணல் என்றும் அங்கே இருந்தது. அதைப் பிரித்தறியும் கல்வியே பின்னர் வந்தது. அக்கல்வியை நம் மக்கள் இன்னும் ஆழ்ந்து பயில்வாராயின், கரையின் செல்வம் மணலாகவே கப்பலேற வேண்டிய நிலை மீண்டும் நேராது.