ஓத்தெல் சலே

ஓத்தெல் சலே என்பது பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிஸில், மாரே பகுதியில், தொரிஞி தெருவில் அமைந்துள்ள 17ஆம் நூற்றாண்டு மாளிகையாகும். இன்று இதில் பிக்காசோ தேசிய அருங்காட்சியகம் இயங்குகிறது. 'ஓத்தெல்' என்னும் பிரெஞ்சுச் சொல் இங்கே தங்கும் விடுதியைக் குறிப்பதன்று. செல்வர்களும் பிரபுக்களும் நகருக்குள் கட்டிக்கொண்ட பெரிய வீட்டையே அது குறிக்கும்.

பெயர்க் காரணம்

'சலே' என்றால் உப்பிட்டது என்று பொருள். மாளிகையைக் கட்டியவர் பியேர் ஓபேர் தெ ஃபோந்தனே. இவர் 'கபெல்' எனப்பட்ட உப்பு வரியை அரசருக்காக வசூலித்துப் பெரும் பொருள் சேர்த்தவர். நாட்டின் பல பகுதிகளில் ஒவ்வொரு குடும்பமும் குறிப்பிட்ட அளவு உப்பை வரியோடு சேர்த்து வாங்கியே தீர வேண்டும் என்பது அக்காலச் சட்டம். ஏழைகளை வாட்டிய அந்த வரியின் பணத்தில் எழுந்த வீடு என்பதால், பாரிஸ் மக்கள் ஏளனமாக இட்ட பெயரே நிலைத்துவிட்டது.

கட்டட அமைப்பு

ஓபேர் 1656இல் நிலத்தை வாங்கினார். பூர்ஜ் நகரைச் சேர்ந்த ஜான் பூலியே என்னும் இளம் கட்டடக் கலைஞர் வடிவமைத்த மாளிகை ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் எழுந்தது. தெருப் பக்கம் முற்றம், பின்புறம் தோட்டம், இரண்டுக்கும் நடுவே வீடு என்பதே அக்காலப் பிரபு மாளிகைகளின் வழக்கமான அமைப்பு. இம்மாளிகையும் அதையே பின்பற்றியது. ஆனால் நடு வீட்டில் ஒற்றை வரிசைக்குப் பதிலாக, முற்றம் நோக்கி ஒன்றும் தோட்டம் நோக்கி ஒன்றுமாக இரு வரிசை அறைகள் அமைந்தன. அன்றைக்கு இது புதிய முறை.

மாளிகையின் சிறப்பு அதன் பெரிய படிக்கட்டு. புளோரன்சில் மைக்கலாஞ்சலோ லோரன்சிய நூலகத்துக்கு வரைந்த படிக்கட்டு இதற்கு முன்மாதிரி. மேலே உள்ள துருத்திய மாடமும் நடைமாடமும் படிகளைப் பார்த்தபடி அமைந்துள்ளன. மார்சி சகோதரர்களும் மார்த்தான் தெழார்தானும் செதுக்கிய கழுகுகளும் சிறகுள்ள சிறுவர் உருவங்களும் சுவர்களை அணி செய்கின்றன.

கைமாறிய காலம்

ஓபேரின் வாழ்வு நிலைக்கவில்லை. நிதி அமைச்சர் நிக்கோலா ஃபூக்கே 1661இல் கைது செய்யப்பட்டபோது, அவரைச் சார்ந்திருந்த ஓபேரும் வீழ்ந்தார். கடன் கொடுத்தவர்களின் வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன. மாளிகையில் 1671 முதல் வெனிஸ் குடியரசின் தூதரகம் இயங்கியது. பிரெஞ்சுப் புரட்சி 1790இல் உப்பு வரியை ஒழித்தது. அக்காலத்தில், பறிமுதல் செய்யப்பட்ட நூல்கள் இங்கே குவித்து வைக்கப்பட்டன.

பின்னர் இது பள்ளிக்கூடமாயிற்று. எழுத்தாளர் பல்சாக் சிறுவயதில் இங்கே படித்தார். 1829 முதல் 1884 வரை 'எக்கோல் சாந்த்ரால்' என்னும் பொறியியல் கல்லூரி இங்கே நடந்தது. ஈஃபெல் கோபுரத்தால் புகழ்பெற்ற குஸ்தாவ் ஈஃபெல் அதன் மாணவர். அதன்பின் வெண்கலப் பட்டறையும், 1944 முதல் 1969 வரை கைவினைக் கலைப் பள்ளியும் இருந்தன. வந்தவர் ஒவ்வொருவரும் தம் தேவைக்கேற்பத் தடுப்புச் சுவர்கள் எழுப்பியதால், பழைய கூடங்களின் விரிவு மறைந்துபோனது.

பாதுகாப்பும் மறுவாழ்வும்

பழைய நகர்ப் பகுதிகளைக் காக்கும் மால்ரோ சட்டம் 1962இல் வந்தது. 1964இல் பாரிஸ் நகராட்சி இம்மாளிகையை வாங்கியது. 1968 அக்டோபரில் இது வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1974க்கும் 1980க்கும் இடையே பெர்னார் வித்ரியும் அவருக்குப்பின் பெர்னார் ஃபோங்கெர்னியும் இதைச் சீரமைத்துப் பழைய விரிவை மீட்டனர்.

ஓவியர் பிக்காசோ 1973இல் மறைந்தார். அவருடைய வாரிசுகள் மரபுரிமை வரியைப் பணமாகச் செலுத்தாமல் கலைப் படைப்புகளாகவே அரசுக்கு அளித்தனர். 1968 இறுதியில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் இதற்கு இடம் தந்தது. அப்படைப்புகளுக்காக ரோலான் சிமூனே மாளிகையை அருங்காட்சியகமாக மாற்றினார். படிக்கட்டையும் சிற்பங்களையும் தொடாமல், சாய்வுப் பாதைகளும் வெள்ளைச் சுவர்களும் கொண்ட புதிய காட்சிக்கூடங்களை அவர் அமைத்தார். விளக்குகளையும் இருக்கைகளையும் தியேகோ ஜியாகொமெத்தி செய்தார். 1985இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஜான் ஃபிரான்சுவா போதான் மேற்கொண்ட விரிவாக்கத்துக்குப் பின் 2014 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது.

ஒரு வரியால் எழுந்த மாளிகை, மற்றொரு வரிக்கு ஈடாக வந்த கலைச்செல்வத்தை இன்று காத்து நிற்கிறது. முன்பு ஒரு செல்வருக்கு மட்டுமே உரியதாக இருந்த படிக்கட்டில் இப்போது பொதுமக்கள் ஏறிச் செல்கின்றனர்.