தார் அட்டைக் கூரையும் பதினாறு வயதுப் பெண்ணும்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்ட நம் சங்கச் செயலாளர், "இன்ஜினீயர் என்பதற்காக சிமெண்டையும் கம்பியையும் பற்றி எழுதிவிடாதீர்கள்" என்று முன்ஜாக்கிரதையாகச் சொல்லிவிட்டார். அதனால் வரலாறு எழுதுகிறேன். ஆனால் இந்த வரலாற்றிலும் ஒரு கட்டடம் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. அதற்கு நான் பொறுப்பில்லை!

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்று ஒரு பகுதி. கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, கொஞ்சம் சின்னது. அதன் தலைநகர் ஃபார்ம்வில். அந்தக் காலத்தில் அங்கே வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறொன்று. தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம், சமமாக இருந்தால் போதும் என்று 1896-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 'தனி' என்பதைக் கறாராகக் கடைப்பிடித்தார்கள். 'சமம்' காற்றோடு போச்சு.

கறுப்பினப் பிள்ளைகளின் மோட்டன் பள்ளி 1939-ல் 180 பேருக்காகக் கட்டப்பட்டது. 1951-ல் அதில் படித்தவர்கள் 450-க்கும் மேல். புதுக் கட்டடம் கேட்டபோது நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? மைதானத்தில் மரச்சட்டம் நிறுத்தி, அதன்மேல் தார் பூசிய அட்டையை அடித்து, சில கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது. ஊரார் அதற்கு வைத்த பெயர் கோழிக்கூண்டு. மழை பெய்தால் உள்ளே ஒழுகும். குளிருக்கு ஓர் அடுப்பு. பக்கத்தில் இருப்பவன் வேர்த்து வழிவான், தள்ளி இருப்பவன் கோட்டைக் கழற்ற மாட்டான். ஆய்வுக்கூடம் கிடையாது, உடற்பயிற்சிக் கூடம் கிடையாது, சாப்பாட்டுக் கூடமும் கிடையாது. வெள்ளையர் பள்ளி ஓட்டிக் கழித்த பஸ்கள்தான் இவர்களுக்கு வரும். 1951 மார்ச்சில் ஒரு பள்ளி பஸ் மீது ரயில் மோதி, மோட்டன் மாணவர்கள் ஐந்து பேர் இறந்துபோனார்கள்.

பெற்றோர்கள் கேட்காமல் இல்லை. கல்விக் குழுவிடம் கூட்டத்துக்குக் கூட்டம் போய் நின்றார்கள். அடுத்த முறை பார்க்கலாம், அடுத்த முறை பார்க்கலாம் என்ற பதில்தான். (இந்தப் பதிலைக் கேட்டுப் பழகியவர்கள் நம்மிலும் பலர் உண்டு.)

பார்பரா ஜான்ஸ் என்ற பெண்ணுக்கு அப்போது 16 வயது. பள்ளியின் நிலைமையைப் பற்றி இசை ஆசிரியையிடம் புலம்பியபோது, நீயே ஏதாவது செய்யேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் அதைச் சும்மா விடவில்லை. நம்பிக்கையான சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் திட்டம் போட்டாள்.

1951 ஏப்ரல் 23. டவுனில் நம் மாணவர்கள் சிலர் வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்று தலைமையாசிரியருக்கு ஒரு போன். மனிதர் பதறிக்கொண்டு கிளம்பினார். உடனே எல்லா வகுப்புக்கும் சீட்டு போயிற்று: அனைவரும் அரங்கத்துக்கு வரவும், இப்படிக்கு பி.ஜே. தலைமையாசிரியர் பெயர் பாய்ட் ஜோன்ஸ். பார்பரா ஜான்ஸுக்கும் அதே இரண்டெழுத்துதான்! திரை விலகினால் மேடையில் நிற்பது பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, இதைவிட நல்ல பள்ளி கிடைக்கும்வரை வகுப்புக்கு வரமாட்டோம் என்று அறிவித்தாள். பள்ளி முழுக்க வெளியே வந்தது. தலைமையாசிரியரை ஊரைவிட்டு அனுப்பியது, வேலைநிறுத்தத்தில் அவர் தலை உருளக்கூடாது என்பதற்காகவும்தான். ஆனாலும் பின்னால் அவர் வேலை போய்விட்டது.

அன்றைக்கே பார்பராவும் மாணவர் தலைவி கேரி ஸ்டோக்ஸும் ரிச்மண்ட் நகரிலிருந்த கறுப்பின உரிமைச் சங்க வக்கீல்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற அந்த இருவரும் வந்து கேட்டுவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்கள். நல்ல கட்டடம் வேண்டும் என்று வழக்குப் போடமாட்டோம். தனிப் பள்ளியே கூடாது என்றால் போடுகிறோம். பிள்ளைகள் கேட்டது கூரை. வக்கீல்கள் கைவைக்கச் சொன்னது அஸ்திவாரத்தில். இதில்தான் எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல் பெரிய மரியாதை. அவர்களும் பெற்றோரும் பேசிப் பார்த்து, சரி என்றார்கள்.

1951 மே 23-ல் வழக்கு தாக்கலாயிற்று. பட்டியலில் முதல் பெயர் டோரதி டேவிஸ் என்ற 14 வயதுப் பெண்ணுடையது. வழக்கும் அவள் பெயரில்தான். அது மேல்முறையீட்டில் இன்னும் நான்கு வழக்குகளோடு சேர்ந்து 'பிரவுன்' வழக்கு ஆகி, 1954 மே 17 அன்று பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வந்தது. அந்த ஐந்தில் மாணவர்களே தொடங்கி வைத்தது இது ஒன்றுதான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். வழக்கு நடக்கும்போதே, 1953-ல், கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி எழும்பிவிட்டது. இத்தனை வருஷம் இல்லாத காசு எங்கிருந்தோ வந்துவிட்டது.

ஆனால் தீர்ப்பு வந்ததும் எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். மிரட்டலுக்குப் பயந்து பார்பராவை அலபாமா மாநிலத்திலிருந்த அப்பாவின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிற்காலத்தில் நூலகராக வேலை பார்த்து, 1991-ல் காலமானார். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியோ, சேர்த்து உட்காரவைப்பதைவிடப் பள்ளியே வேண்டாம் என்று 1959-ல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடியது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராயிற்று. கறுப்பினப் பிள்ளைகளில் சிலரை உறவினர் வீடுகளுக்கு வெளியூர் அனுப்பினார்கள். பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்தார்கள். 1964-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்ட பிறகே அரசுப் பள்ளிகள் திறந்தன.

பழைய மோட்டன் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது; அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பரா ஜான்ஸை. பள்ளி மூடியதால் படிப்பை இழந்தவர்கள் மறுபடி படிப்பதற்கென்று 2004-ல் ஓர் உதவித்தொகைத் திட்டமும் வந்தது. 1959-ல் ஏழு வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது வயது 52.